டீ கப்புக்கு அடியில் ஒரு கப்பல்

பேருந்தின் முன்கண்ணாடிக்கு மேலே 'வண்டி ஓடும்போது டிரைவரிடம் பேசக் கூடாது' என்று சிவப்பு எழுத்தில் ஒரு பலகை இருக்கும். பயணிகள் யாரும் அதைப் படிப்பதில்லை. படித்து, மனதில் வாங்கி, வாழ்க்கை முழுக்கக் கடைப்பிடித்தவர் நம் டிரைவர் ஒருவர்தான். அந்தப் பலகைக்குக் கீழேயே உட்கார்ந்து தலை நரைத்ததில், வண்டி ஓடாத நேரத்திலும் அவருக்குப் பேச வராமல் போய்விட்டது. சாப்பிட உட்கார்ந்தால் தட்டைப் பார்ப்பார், முடிந்ததும் எழுந்து போவார். "ஹால்லயும் அந்த போர்டை மாட்டிடுங்க, வர்றவங்களுக்காவது தெரியட்டும்" என்பாள் மனைவி.

இன்னொரு கொள்கையும் அவருக்கு உண்டு. நிறுத்தம் இல்லாத இடத்தில் வண்டியை நிறுத்த மாட்டார். கொட்டுகிற மழையில் சொந்த மைத்துனன் கையை ஆட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தான். கண்ணாடியில் பார்த்தார். அடுத்த நிறுத்தத்துக்குப் போய்த்தான் பிரேக்கில் கால் வைத்தார். அன்றைக்கு முறைத்துக்கொண்டு போன மைத்துனன் இன்னும் வீட்டுப் படி ஏறவில்லை. டிரைவர் அதற்காக வருத்தப்பட்டதாகவும் தகவல் இல்லை.

இப்படிப்பட்ட மனுஷனுக்கு ஒரே மகள். கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள். போனில் அப்பாவும் மகளும் பேசுவது கேட்கச் சகிக்காது. "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்பா. நீங்க?" "ம்." அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் மூச்சு விடுகிற சத்தம்தான். கடைசியில் "இரு, அம்மாகிட்ட தர்றேன்" என்று போனைத் தள்ளிவிடுவார். ஆசை இல்லாமல் இல்லை. வாய்தான் வரவில்லை.

அந்த வாயைத் திறந்துவிட்டது ஒரு வீடியோ கேம் என்று சொன்னால் நீங்கள் நம்பத்தான் வேண்டும்.

மகள் வேலைக்குப் போன புதிதில் வாங்கிய கேம் பெட்டி ஒன்று வீட்டில் கிடந்தது. கல்யாணத்துக்குப் பிறகு அவள் அங்கே புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டாள். பழையதை எப்படி இயக்குவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனிலேயே அப்பாவுக்குச் சொல்லிக் கொடுத்தாள். 'உப்புக்கடல்' என்கிற கேமை இரண்டு பேருமே ஆளுக்கொன்று வாங்கினார்கள். வாங்குவதற்கென்று திரையில் ஒரு பொத்தான் இருந்தது. அதன்மேல் 'வாங்கு' என்றே எழுதியிருந்தது. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இந்த வார்த்தைக்கு என்னவெல்லாம் நடக்கப் போகிறது என்று பார்ப்போம்.

கேம் இதுதான்: ஒரு பழைய பாய்மரக் கப்பல், வழியெல்லாம் தீவுகள், பின்னால் துரத்துகிற கொள்ளைக்காரர்கள். ஒருவர் சுக்கான் பிடிக்க வேண்டும், இன்னொருவர் பாயையும் பீரங்கியையும் கவனிக்க வேண்டும். சுக்கான் யாருக்கு என்ற பேச்சே எழவில்லை. டிரைவர் பிடித்துக்கொண்டார். பிடித்தவர், கப்பலை பஸ்ஸாகவே ஓட்டினார். வழியில் வருகிற ஒவ்வொரு தீவிலும் நிறுத்தினார். மரம் மட்டை இல்லாத மொட்டைப் பாறையானாலும் நிறுத்தினார்.

"அப்பா, இங்க யாரும் ஏறப் போறதில்ல. பின்னாடி சுட்டுட்டு வர்றானுங்க!"

"ஸ்டாப்னா ஸ்டாப்தான். நம்மள நம்பி யாராவது நின்னுட்டிருந்தா?"

கொள்ளைக்காரன் சுடுவதுகூட அவருக்குப் பெரிதில்லை. ஹாரன் அடிக்காமல் இடது பக்கம் முந்துகிறானே என்றுதான் கொதிப்பார்.

அப்படி ஓட்டிக்கொண்டே பேசினார். கையில் சுக்கான், கண்ணெதிரே தண்ணீர், காதில் மகள் குரல், தலைக்கு மேலே பலகை இல்லை. அடைத்து வைத்திருந்ததெல்லாம் வந்தது. அவளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு டெப்போவில் உட்கார்ந்து அழுததைச் சொன்னார். மைத்துனனுக்கு நிறுத்தியிருக்கலாம் என்றுகூட ஒரு தடவை சொன்னார். அவளும் பேசினாள். மருமகன் வெளியே போயிருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் விளையாட வருவாள். வாசலில் சத்தம் கேட்டால் "அவர் வந்துட்டார்ப்பா" என்று பாதிப் பேச்சில் காணாமல் போவாள். அது டிரைவருக்கு உறுத்தியது. கேட்கத் தெரியவில்லை.

ஒரு ஞாயிறு, கடைசித் தீவுக்கு முந்தைய தீவில் கப்பல் நின்றிருந்தபோது அவள் சொன்னாள்: "அப்பா, கடைசித் தீவு வந்ததும் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"இப்பவே சொல்லேன்மா."

"இல்லப்பா. அங்க போய்ச் சொல்றேன். அதுக்குள்ள எனக்கும் கொஞ்சம் தைரியம் வரட்டும்."

அந்த வாரம் முழுக்க டிரைவர் பிரேக்கை மறந்து ஓட்டினார் என்று கண்டக்டர் புலம்பினார். அடுத்த ஞாயிறு குளித்து, சட்டை மாட்டி, கேம் பெட்டி முன்னால் உட்கார்ந்தார். கப்பல் படம் சாம்பல் நிறத்தில் இருந்தது. கீழே ஒரு வரி: 'இந்த அனுபவம் ஓய்வு பெற்றுவிட்டது. உங்கள் நினைவுகளுக்கு நன்றி.'

டிரைவருக்கே ஓய்வு பெற இன்னும் காலம் இருந்தது. நேற்று வாங்கிய கப்பல் ரிடையர் ஆகிவிட்டதாம். மகளுக்குப் போன் போட்டார்.

"ஆமாப்பா, இங்கயும் போயிடுச்சு."

"என்னமோ சொல்லணும்னியே."

"ஒண்ணுமில்லப்பா. நேர்ல பாக்கும்போது சொல்றேன்."

நேரில் அவள் வந்து வருஷமாகிவிட்டது. "சாப்பிட்டியா?" என்றார் டிரைவர். வேறென்ன சொல்வார். போனை வைத்ததும் மனைவி, "அவ குரலே சரியில்லங்க" என்றாள். டிரைவர் தட்டைப் பார்த்தார்.

மறுநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, சீருடையைக்கூட மாற்றாமல், கேமை விற்ற கம்பெனிக்கே கிளம்பினார். அவர்கள் சரக்கெல்லாம் மேகத்தில் இருப்பதாக அவர்களே சொல்லிக்கொள்வதால் ஊரில் அதற்கு மேகக் கம்பெனி என்று பெயர். கட்டடம் மட்டும் தரையில்தான் இருந்தது, அதுவும் பெரிதாக.

வாசலில் கண்ணாடிக் கதவு. டிரைவர் போய் நின்றார், திறக்கவில்லை. தள்ளினார், அசையவில்லை. பக்கத்தில் மூக்கில் பிளாஸ்திரி போட்ட ஊழியர் ஒருவர் கைகட்டி நின்றிருந்தார்.

"பொறுமையா இருங்க சார். நாம வந்த சேதி மேகத்துக்குப் போயிருக்கு. அங்கிருந்து உத்தரவு வரணும்."

"கைப்பிடி இல்லையா?"

"முன்னாடி இருந்துச்சு. கைப்பிடி வெச்சா ஜனங்க கதவு தங்களோடதுனு நினைச்சுக்கறாங்கனு எடுத்துட்டாங்க."

உத்தரவு வந்து கதவு திறந்தது. ஊழியர் உள்ளே போய்விட்டார். டிரைவர் காலெடுத்து வைப்பதற்குள், முன்பு யாரோ கிளம்பிப் போனதற்கான உத்தரவும் வந்து சேர்ந்து கதவு மூடியது. மூக்குப் பிளாஸ்திரிக்கு விளக்கம் அவருக்குக் கிடைத்துவிட்டது.

அடுத்த உத்தரவில் உள்ளே போனால், 'வாடிக்கையாளர் பரவச மையம்' என்று பலகை. நாற்காலிகள் இருந்தன. உட்கார்ந்தவுடன் அவை, "உங்கள் இலவச அமர்வு தொடங்கியது" என்று இனிய குரலில் சொல்லின. சற்று நேரத்தில் அதே இனிய குரலில் முடிந்துவிட்டது என்று சொல்லி முன்பக்கம் சாய்ந்து ஆளை இறக்கிவிட்டன. பழகியவர்கள் எல்லோரும் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார்கள்.

வரவேற்பில் இருந்த பெண்ணிடம், "நான் வாங்கின கேம்..." என்று ஆரம்பித்தார் டிரைவர்.

"ஸ்ஸ்... சார், அந்த வார்த்தை இங்க சொல்லக் கூடாது. மேல மைக் இருக்கு."

"எந்த வார்த்தை?"

அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கெட்ட வார்த்தை போல உதட்டை மட்டும் அசைத்தாள்: வாங்கின. "ரெண்டாவது மாடில உரிமை விளக்க அதிகாரி இருக்கார். அவர்கிட்ட போங்க."

உரிமை விளக்க அதிகாரி இளைஞர், சிரித்த முகம், டீ குடித்துக்கொண்டிருந்தார். டிரைவர் நடந்ததைச் சொன்னார். சொல்லச் சொல்ல அதிகாரியின் முகம், குழந்தைக்குக் கணக்குச் சொல்லித்தர உட்காருகிறவர் முகமாகக் கனிந்தது.

"சார், நீங்க எடுத்துக்கிட்டது கேம் இல்ல. கேம் உங்களுக்குச் சொந்தம்ங்கற ஓர் உணர்வு. அதைத்தான் நாங்க தந்தோம்."

"அப்ப அந்த உணர்வு எங்க தம்பி?"

"அந்தப் பொத்தானை அமுக்கினப்ப இருந்துச்சா இல்லையா?"

"இருந்துச்சு."

"டெலிவரி ஆயிடுச்சு பாத்தீங்களா!" அதிகாரி கையைத் தட்டிக்கொண்டார். "நாங்க வாக்குத் தவறவே மாட்டோம்."

டிரைவர் தனக்குத் தெரிந்த ஒரே தொழிலைத் துணைக்கு இழுத்தார். "டிக்கெட் எடுத்து உக்காந்தவன பாதி வழியில எழுப்பி, இந்த சீட்டு ஓய்வு பெற்றுடுச்சு, எறங்குனு சொன்னா, சும்மா விடுவாங்களா தம்பி?"

அதிகாரியின் கண் பளிச்சிட்டது. "பாதி வழியில! பிரமாதம் சார். அதாவது, ஏறும்போது ஒரு சந்தா, தொடர்ந்து உக்காந்திருக்கத் தனி சந்தா. பஸ்ஸுல இன்னுமா இதை ஆரம்பிக்கல?" போனை எடுத்து யாரிடமோ, "ஒரு எளிய மனிதர்கிட்டேருந்து புது யோசனை கிடைச்சிருக்கு" என்று பரபரத்தார். டிரைவர் வாயை மூடிக்கொண்டார். தன்னால் இன்னும் எத்தனை பேர் நடுத்தெருவில் நிற்கப் போகிறார்களோ என்று பயமாகிவிட்டது.

அப்போதுதான் அதிகாரி டீ கப்பைத் தூக்கினார். கப்புக்கு அடியில் வட்டமாக, நடுவில் ஓட்டையுடன், ஒரு டிஸ்க். டீக்கறை படிந்த அந்த டிஸ்க்கின் மேல் பாய்மரக் கப்பல் படம் மங்கலாகத் தெரிந்தது.

"இது... உப்புக்கடல்தானே?"

"இருக்கும் சார். குடோன் நிறையக் கிடந்துச்சு. முன்னாடி இதுல போட்டுத்தான் கேம் வித்தாங்களாம், கடைல, கையில குடுத்து." அதிகாரி தலையை ஆட்டிச் சிரித்தார். பழங்காலத்து மனிதர்களை நினைத்துச் சிரிக்கிற சிரிப்பு. "வட்டமா இருக்கறதால கப்புக்கு நல்லா வசதி. எல்லா டேபிள்லயும் வெச்சிருக்கோம்."

"இதுல கேம் இருக்கா?"

"யாரும் போட்டுப் பாத்ததில்ல சார். போட்டுப் பாக்க இங்க யார்கிட்டயும் பொட்டி இல்ல."

"இதை எனக்குத் தர்றீங்களா?"

"ஐயோ, ஆபீஸ் கப்புத் தட்டு சார் இது" என்று அதிகாரி டிஸ்க்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "உங்களுக்குக் கேம்தானே வேணும்? மேல வாங்க. மேகத்துலேருந்தே ஓடற புது கப்பல் விட்டிருக்கோம்."

மூன்றாவது மாடியில் சுவர் நிறையத் திரை. கையில் கன்ட்ரோலரைக் கொடுத்தார்கள். புதுக் கப்பல் பளபளவென்றுதான் இருந்தது. டிரைவர் இடது பக்கம் திருப்பினார். கப்பல் நேராகப் போனது. திருப்பியது போதவில்லையோ என்று இன்னும் திருப்பினார். கப்பல் நேராகவே போய்க்கொண்டிருந்தது. சரி, வலது பக்கம் திருப்புவோம் என்று அவர் வலது பக்கம் ஒடித்த நேரத்தில் முதல் இடது மேகத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்து சேர்ந்தது. இரண்டாவது இடதும் பின்னாலேயே வந்தது. கப்பல் துறைமுகத்தில் நின்றிருந்த நாலைந்து கப்பல்களையும் ஒரு மீன் கடையையும் இடித்துக்கொண்டு போய்க் கரையேறியது.

பணியில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு சைக்கிளைக்கூட உரசாதவர் டிரைவர். கன்ட்ரோலரைத் திருப்பிக் கொடுத்தார்.

"கொஞ்சம் முன்கூட்டியே திருப்பணும் சார்" என்றார் அதிகாரி பரிவோடு. "மேகத்துல தப்பே இல்ல. கஸ்டமருக்குத்தான் தொலைநோக்கு பத்தல."

"என் பொண்ணு எங்க ஏறுவா?"

"மகள் இணைப்பு தனி சந்தா சார். அதுக்கு முன்னாடி உறவைச் சரிபார்க்கணும். அவங்க உங்க மகள்ங்கறது பழைய கணக்குலதான் இருந்துச்சு. அது போயிடுச்சு இல்லையா?"

"கடைசித் தீவு?"

"அடுத்த வருஷம் விடறதா இருக்கோம். அனுபவங்கள் அவசரப்படக் கூடாது சார்."

அந்த இடத்தில் டிரைவர் கையை ஓங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் ஓங்கவில்லை, அழுகிற மாதிரி நின்றார். அந்த நேரம் பார்த்து உள்ளே நுழைந்தார் விளம்பரப் பிரிவு அம்மையார். டிரைவரின் சீருடையை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். கலங்கிய கண்ணைப் பார்த்தார்.

"யார் இவர்? இவ்வளவு நல்ல முகத்தை எங்க பிடிச்சீங்க?"

விஷயம் இதுதான். வெள்ளிக்கிழமை கம்பெனியில் 'சொந்தத்திலிருந்து விடுதலைப் பெருவிழா'. விடுதலையடைந்த பொதுஜனம் ஒருவருக்கு மேடையில் விருது தர வேண்டும். அழைத்த பொதுஜனம் எல்லோரும் போனிலேயே திட்டிவிட்டு வைத்துவிட்டார்கள்.

"உங்களுக்குப் பிடிச்ச கேம் எது சார்?" என்று அம்மையார் கேட்டார்.

"உப்புக்கடல்."

"அருமை. உங்க விருதை அதுக்கேத்த மாதிரி நானே பாத்துச் செய்யச் சொல்றேன். நீங்க வந்து நின்னா போதும். உங்க குறையை இயக்குநர்கிட்ட நேர்லயே சொல்லலாம்."

நேரில் சொல்லலாம் என்ற ஒரு வார்த்தைக்காக டிரைவர் வெள்ளிக்கிழமை மறுபடி போனார். மேடை ஜோடனையெல்லாம் பழைய டிஸ்க்குகள்தான். சரம் சரமாகக் கோத்துத் தொங்கவிட்டு, விளக்கு வெளிச்சத்தில் மினுமினுக்க வைத்திருந்தார்கள். மண்டபம் நிறைய ஊழியர்கள், எல்லோரும் நின்றுகொண்டு.

இயக்குநர் பேச எழுந்தார். நல்ல சதைப்பிடிப்பான மனிதர். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. அவர் குரலும் மேகம் வழியாகத்தான் வருமாம். ஒரு வாக்கியம் முடித்து, தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போது அந்த வாக்கியம் வந்தது. கடைசிவரை அப்படியே நடந்தது. கைதட்டலும் மேகத்திலிருந்தே வந்ததால் யாரும் கையை அசைக்க வேண்டியிருக்கவில்லை.

"அன்பான அனுபவதாரர்களே! சொந்தம் என்பது ஒரு சுமை. பெட்டி வேண்டும், அலமாரி வேண்டும், தூசி தட்ட வேண்டும். அந்தச் சுமையை உங்கள் தோளிலிருந்து இறக்கி, கூலி வாங்காமல் எங்கள் தோளில் ஏற்றிக்கொண்டிருக்கிறோம். எங்கள் தோள் வலிப்பதை நீங்கள் அறிய மாட்டீர்கள்."

மேகம் கைதட்டியது.

"நானே எதையும் சொந்தமாக வைத்துக்கொள்வதில்லை. இந்த நிறுவனத்தைத் தவிர. இந்தக் கட்டடத்தைத் தவிர. மலைமேல் ஒரு வீட்டையும் கடலோரம் ஒரு வீட்டையும் தவிர. அவற்றையும் உங்கள் நினைவாகத்தான் வைத்திருக்கிறேன். ஒரு தாய் கேட்டாள்: ஐயா, என் மகன் பாதி விளையாடிக்கொண்டிருந்ததைப் பறித்துவிட்டீர்களே! நான் சொன்னேன்: அம்மா, மீதிப் பாதி எப்படி இருக்கும் என்று அவன் ஆயுள் முழுக்கக் கற்பனை செய்வானே, அந்தக் கற்பனைக்கு நாங்கள் காசு கேட்டோமா?" இங்கே இயக்குநரின் குரல் தழுதழுத்தது. தழுதழுத்தபோது அவர் ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தார். "இன்னும் கேட்கவில்லை."

அதோடு குரல் உறைந்துபோனது. இயக்குநரும் வாயைத் திறந்தபடி நின்றார். பேச்சு உறைந்தால் பேசுகிறவரும் உறைய வேண்டும் என்பது நிறுவன மரியாதையாம். ஒரு ஈ வந்து அவர் உதட்டில் உட்கார்ந்து, சுற்றிப் பார்த்துவிட்டுப் போனது. யாரும் சிரிக்கவில்லை. சம்பளம் வாங்குகிறவர்கள்.

உறைவு நீங்கியதும் டிரைவரை மேடைக்கு அழைத்தார்கள். பளிங்கு போன்ற கண்ணாடிக் கட்டிக்குள் ஒரு டிஸ்க்கைப் பதித்து, 'சொந்தத்தின் கடைசி எச்சம்' என்று பொறித்து, இயக்குநர் கையால் கொடுத்தார்கள். டிரைவர் உற்றுப் பார்த்தார். பாய்மரக் கப்பல். டீக்கறையைத் துடைத்திருந்தார்கள்.

"இது எனக்கேவா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"உங்களுக்கேதான்" என்று இயக்குநர் சொந்தக் குரலிலேயே சொல்லி, போட்டோவுக்காகப் பல்லைக் காட்டினார். "வெச்சுக்கோங்க. சும்மா தட்டுதானே."

இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கைக் கொடுத்தார்கள். டிரைவர் வாழ்க்கையில் முதல் தடவையாக மேடையில் வாயைத் திறந்தார். மனதில் இருந்ததை எல்லாம், திருட்டுப் பயல்களே என்பது உட்பட, மூச்சு விடாமல் சொன்னார். மண்டபம் அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் இறங்கி, கதவின் உத்தரவுக்காகக் காத்திருந்து, தெருவுக்கு வந்த பிறகு அந்தப் பேச்சு உள்ளே வந்து சேர்ந்தது. அதற்குள் டீ வந்துவிட்டதால் யாரும் கவனிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் டூல்ஸ் பெட்டியிலிருந்து சுத்தியலை எடுத்தார்.

"ஐயையோ, விருது குடுத்தா உடைக்கறீங்களே! இதுக்குத்தான் உங்களை யாரும் ஒரு விசேஷத்துக்கும் கூப்பிடறதில்ல" என்று மனைவி அலறினாள்.

கண்ணாடி சிதறியது. டிஸ்க் கீறல் இல்லாமல் வந்தது. கேம் பெட்டியின் முன்பக்கம் நீளமாக ஒரு வாய் இருக்கும். எதற்கென்று தெரியாததால் அதில் மனைவி மின்சார ரசீதுகளைச் செருகி வைப்பாள். ரசீதுகளை உருவிவிட்டு டிஸ்க்கை உள்ளே தள்ளினார். பெட்டி ஒரு முறை செருமியது. பிறகு அலைச் சத்தம் கேட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு டிரைவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

திரையில் ஒரு வரி வந்தது: 'இரண்டாம் ஆட்டக்காரர் பக்கத்தில் வந்து உட்காரவும்.'

டிஸ்க்கில் இருந்தது பழைய கேம். அதற்கு மேகம் தெரியாது, வேறு ஊர் தெரியாது. பக்கத்தில் ஆள் உட்கார்ந்தால்தான் கப்பல் நகரும். டிரைவர் போன் போட்டார்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்பா."

"டிஸ்க்கு ஒண்ணு கிடைச்சுது. கப்பல் இருக்கு. ஆனா பக்கத்துல உக்காந்துதான் ஓட்டணுமாம்." மூச்சு மட்டும் கேட்டது. போனை மனைவியிடம் தள்ளக் கை போனது. தள்ளவில்லை. "நீ வர்றியாம்மா?"

"வர்றேம்பா" என்றாள். அந்தக் கேள்விக்காகவே காத்திருந்த மாதிரி, உடனே.

வந்தாள். பெரிய பெட்டியோடு வந்தாள். "கேம் ஆட வர்றவளுக்கு இவ்ளோ பெரிய பெட்டி எதுக்குங்க?" என்று சமையலறையில் மனைவி கிசுகிசுத்தாள்.

"லக்கேஜ் பத்திக் கேக்கறது கண்டக்டர் வேலை" என்றார் டிரைவர். ஆனால் அவரும் அந்தப் பெட்டியைப் பார்த்திருந்தார்.

பழைய பயணமெல்லாம் மேகத்தோடு போய்விட்டதால் முதல் தீவிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. இரண்டு பேரும் சோபாவில் உட்கார்ந்து, மொட்டைப் பாறைகளில்கூட நின்று நின்று போனார்கள். நாள் போய்க்கொண்டிருந்தது. அவள் திரும்பிப் போவதைப் பற்றிப் பேசவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. மருமகனிடமிருந்து போன் வரும்போதெல்லாம் அவள் தோள் சுருங்குவதை டிரைவர் கண்ணோரத்தில் பார்த்தார்.

இதற்கிடையில் மேகக் கம்பெனியில் ஒரு பூகம்பம். விருது போட்டோவைப் பார்த்த புதுப் பயிற்சிப் பெண் ஒருத்தி, விவரம் தெரியாமல், "சார், அந்த டிஸ்க்குக்குள்ள கேம் இருக்குமே?" என்று கேட்டுவிட்டாள். இயக்குநர் அவசரக் கூட்டம் போட்டார்.

"டிஸ்க்குக்குள்ள கேமை யார் வெச்சது?"

"டிஸ்க்கே அதுக்குத்தான் சார்."

"இத்தனை நாள் நம்ம டீ கப்புக்கு அடியில இருந்தது கேமா?" இயக்குநருக்கு வியர்த்துவிட்டது. "அப்ப நாம ஒருத்தனுக்குச் சொந்தமா ஒண்ணைக் குடுத்துட்டோம்!"

நிறுவன வரலாற்றில் அப்படி ஒரு களங்கம் நேர்ந்ததில்லை. விருது என்பதும் வைத்துக்கொண்டிருப்பது போன்ற ஓர் உணர்வுதான், அந்த உணர்வு ஓய்வு பெற்றுவிட்டது என்று முடிவெடுத்து, உரிமை விளக்க அதிகாரி தலைமையில் டிஸ்க்கைத் திரும்ப எடுத்துவர மூன்று பேரை அனுப்பினார்கள்.

அவர்கள் வந்து சேர்ந்த நேரத்தில் கப்பல் கடைசி நீட்டத்தில் போய்க்கொண்டிருந்தது. மனைவி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். டை கட்டிய மூன்று பேர் வீட்டுக் கதவுக்கு எதிரே வரிசையாக நின்றிருந்தார்கள். தட்டவில்லை. கூப்பிடவில்லை. கதவையே மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னங்க, வெளிய யாரோ நிக்கறாங்க. அந்தக் கம்பெனிக்காரங்க மாதிரி இருக்கு."

டிரைவர் திரும்பவில்லை. "வண்டி ஓடும்போது டிரைவர்கிட்ட பேசக் கூடாதுனு சொல்லு."

தூரத்தில் கடைசித் தீவின் விளக்கு தெரிந்தது. மகள் பாய்க்கயிற்றைக் கவனிக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா."

"சொல்லும்மா. உன்னை யார் பேசக் கூடாதுனது?"

"தீவு வந்ததும் சொல்றேன்னேன். தீவு வந்துட்டா எனக்குச் சொல்ல வராதுப்பா." அவள் கன்ட்ரோலரை மடியில் வைத்தாள். "அந்த வீட்டுல என்னால முடியல. ரொம்ப நாளா முடியல. ஊர் என்ன சொல்லுமோ, நீங்க என்ன சொல்வீங்களோனு ஒவ்வொரு ஸ்டாப்பா தள்ளிப் போட்டுட்டே வந்தேன். நான் எறங்கிடறேம்பா."

டிரைவரின் கட்டைவிரல் மட்டும் நகர்ந்தது. பாய் சுருங்கியது. சங்கிலி கடகடவென்று ஓடி, நங்கூரம் தண்ணீரில் விழுந்தது. சுற்றிலும் கடல். தீவு இன்னும் தூரத்தில் இருந்தது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். "ஏம்பா நிறுத்திட்டீங்க? இங்க ஸ்டாப்பே இல்லயே."

"எறங்கணும்னியே" என்றார் டிரைவர்.

மகள் அவர் தோளில் சாய்ந்து விசும்பினாள். டிரைவர் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு அவள் தலையில் கை வைத்தார். சமையலறை வாசலில் நின்றிருந்த மனைவி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, விறுவிறுவென்று வாசலுக்குப் போய், கதவின் தாழ்ப்பாளைச் சத்தமாகப் போட்டாள்.

வெளியே நின்றிருந்த மூன்று பேரும், உத்தரவு வந்துவிட்டது, கதவு திறக்கப் போகிறது என்று டையைச் சரிசெய்துகொண்டார்கள்.